தொட்டால் சுருளும் உருண்டைப் பூச்சி: வீட்டில் வளர்த்துப் பார்க்கலாம்

மரக்காணம் உப்பளங்களை ஒட்டிய கிராமங்களில் ஐப்பசி, கார்த்திகை மழை பிடித்ததும் பூந்தொட்டிக்கு அடியிலும், மட்கும் தென்னை மட்டைக் குவியலிலும், கிணற்றடிச் செங்கல் இடுக்கிலும் ஒரு சிறு உயிரைக் காணலாம். ஈயம் போன்ற சாம்பல் நிறம். நீளம் ஒரு சென்டிமீட்டர் அளவுதான் இருக்கும். முதுகில் ஓடு ஓடாக அடுக்கியது போன்ற கவசம். விரல் பட்டதும் உளுந்து மணி போலச் சுருண்டுகொள்ளும். சற்று நேரம் சும்மா விட்டால் விரிந்து நடக்கும். இதை இங்கே உருண்டைப் பூச்சி என்றே அழைப்போம்.

பல நாடுகளில் இதைச் செல்லப் பிராணியாக வீட்டில் வளர்க்கிறார்கள். ஜப்பானில் இதன் பெயர் டாங்கோமுஷி. டாங்கோ என்பது நம் கொழுக்கட்டை போன்ற மாவுருண்டை. முஷி என்றால் பூச்சி. அங்கே சிறு பிள்ளைகள் இதைப் பிடித்து டப்பாவில் வைத்து வளர்ப்பது சாதாரணக் காட்சி. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெரியவர்களே விதவிதமான நிறங்களில் வளர்க்கிறார்கள்.

நம் சிறு விவசாயிக்கு இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். இதனால் பணம் வராது. ஆனால் ஒரு மண் சட்டியில் இதை வளர்த்துப் பார்த்தால், காய்ந்த இலை எவ்வாறு மண்ணோடு மண்ணாகிறது என்பதை வீட்டிலுள்ள அனைவரும் கண்ணால் காணலாம். ஒருபுறம் வங்கக் கடலும் பக்கிங்காம் கால்வாயும், மறுபுறம் கழுவேலியுமாக உப்பு நீர் சூழ்ந்த இந்தப் பகுதியில் பயிரிடுவோர் அறிந்திருக்க வேண்டிய செய்தி அது. சருகைக் கூட்டிக் கொளுத்தும் வழக்கத்தை விடவேண்டிய காரணமும் அந்தச் சட்டியிலேயே விளங்கும்.

இறாலுக்கு உறவு

பூச்சி என்று சொன்னாலும் இது உண்மையில் பூச்சி இனம் அல்ல. பூச்சிக்கு ஆறு கால்; இதற்கு ஏழு ஜோடி, அதாவது 14 கால்கள். இறால், நண்டு ஆகியவற்றின் இனத்தைச் சேர்ந்தது. கடலில் வாழ்ந்த முன்னோர்களிலிருந்து தரைக்கு ஏறி வந்த குடும்பம் இது. இக்குடும்பத்தின் தரைவாழ் வகைகள் உலகில் மூவாயிரத்துக்கும் மேல் உள்ளன. எல்லா வகைகளும் சுருளுவதில்லை.

கடலோர மக்கள் இதன் உறவினர்களை வேறு இடங்களிலும் பார்த்திருப்பார்கள். கடற்கரைக் கருங்கல் தடுப்புகளில் ஆளைக் கண்டதும் விரைந்து ஓடி இடுக்கில் ஒளியும் உயிரினம் ஒன்று. சில மீன்களின் வாயிலும் செவுளிலும் ஒட்டிக்கொண்டு வாழும் ஒட்டுண்ணி மற்றொன்று. கழிமுக நீரில் கிடக்கும் மரத்தைத் துளைக்கும் வகையும் உண்டு. இவற்றை வீட்டுச் சட்டியில் வளர்க்க முடியாது. தோட்டத்து ஈர மண்ணில் வாழும் வகையே வளர்ப்புக்கு ஏற்றது.

தரைக்கு வந்துவிட்டாலும் செவுள் போன்ற உறுப்புகளை இது கைவிடவில்லை. வயிற்றின் பின்பகுதியில் அடியில் உள்ள தகடுகளால் மூச்சு விடுகிறது. அவை ஈரமாக இருக்கவேண்டும். காய்ந்தால் உயிர் போய்விடும். அதனால்தான் பகலில் ஒளிந்து இரவில் மேய்கிறது. பல பூச்சிகள் ஒன்றாக நெருங்கிக் கிடப்பதும் உடல் ஈரத்தைக் காத்துக்கொள்ளத்தான். சுருளும்போது எதிரியிடமிருந்து தப்புவதோடு, மெல்லிய அடிப்பகுதியும் காய்ந்து போகாமல் உள்ளே அடங்கிவிடுகிறது. வாயால் மட்டுமின்றி உடலின் பின்முனையாலும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும்.

மரவட்டையும் சுருளும், ஆனால் அது கயிறு போல வட்டமாகச் சுருளும். குண்டாக உருளும் மரவட்டை வகையும் மலைக்காடுகளில் உண்டு. ஐயம் வந்தால் கால்களை எண்ணிப் பார்க்கவேண்டும். 14 கால்கள் இருந்தால் உருண்டைப் பூச்சி. அதைவிட மிக அதிகமாக இருந்தால் மரவட்டை.

சட்டி தயாரிக்கும் முறை

ஒரு அடி வாய் அகலமும் முக்கால் அடி ஆழமும் உள்ள மண் சட்டி போதும். மண் சட்டியின் சுவர் வழியே நீர் கசிந்து ஆவியாவதால் உள்ளே குளிர்ச்சியாக இருக்கும். நம் கோடைக்கு இதுவே ஏற்றது. கண்ணாடிப் பாட்டில், பிளாஸ்டிக் டப்பா வெயில் நேரத்தில் சூடேறிவிடும். மண் சட்டியின் சொரசொரப்பான சுவரில் பூச்சி ஏறிவிடும் என்பதால், வாயைக் கொசுவலைத் துணியால் மூடிக் கட்டவேண்டும். காற்றுப் புகாத மூடி கூடாது. இதன் கழிவு அம்மோனியா வாயுவாக வெளியேறுவதால், அடைத்து வைத்தால் வாடை தங்கி எல்லாம் மடிந்துவிடும்.

அடியில் 3 அங்குல உயரத்துக்கு மண் இடவேண்டும். வேலியோரத்தில் சருகு மட்கிக் கிடக்கும் மண் இரண்டு பங்கு, நன்கு மட்கிய தொழு உரம் ஒரு பங்கு கலந்தது சிறந்தது. கடற்கரை மணல், உப்பளக் கரை மண், பூச்சிமருந்து தெளித்த வயல் மண் ஆகியவை கூடாது. மண்ணின் மேல் இரண்டு கைப்பிடி காய்ந்த இலையும், ஒளிந்துகொள்ள ஒரு மரப்பட்டைத் துண்டு அல்லது உடைந்த ஓடும் வைக்கவேண்டும்.

சட்டியின் ஒரு பாதியில் மட்டும் தண்ணீர் தெளித்து, மறு பாதியைச் சற்றுக் காய்ந்தாற்போல் விட்டுவிடவேண்டும். வேண்டிய இடத்தைப் பூச்சியே தேடிக்கொள்ளும். பிழிந்தால் கையில் ஈரம் ஒட்டவேண்டும், நீர் சொட்டக்கூடாது. கோடையில் இரண்டு நாளுக்கு ஒருமுறையும் மழைக்காலத்தில் வாரம் ஒருமுறையும் தெளித்தால் போதும். எவ்வளவு தெளிப்பது என்பதை மண்ணைத் தொட்டுப் பார்த்தே முடிவு செய்யவேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் நம் பகுதியினர் கவனமாக இருக்கவேண்டும். உப்புக் கரிக்கும் கிணற்று நீரைத் தொடர்ந்து தெளித்தால் நீர் ஆவியாகி உப்பு மட்டும் சட்டியில் சேர்ந்துகொண்டே போகும். பிடித்து வைத்த மழைநீர் மிகவும் நல்லது. குளோரின் கலந்த குழாய் நீரானால் ஒரு நாள் திறந்து வைத்த பின் தெளிக்கலாம்.

சட்டியை நிழலான தாழ்வாரத்தில் வைக்கவேண்டும். எறும்பு ஏறாமல் இருக்க, நீர் ஊற்றிய அகலத் தட்டின் நடுவே ஒரு செங்கல்லை நிறுத்தி அதன்மேல் சட்டியை வைப்பது நல்லது. பல்லி, பூரான், தவளை, கோழி ஆகியவையும் இதற்கு எதிரிகளே.

மழைக்காலத்தில் காலையில் ஈரச் செங்கல்லைப் புரட்டி, ஒரே இடத்திலிருந்து 15 அல்லது 20 பூச்சிகளை எடுத்துவந்து விடலாம். இது கடிக்காது, கொட்டாது. ஆனாலும் தொட்ட பின் பிள்ளைகள் சோப்பு போட்டுக் கை கழுவவேண்டும்.

தீனி

முக்கியத் தீனி காய்ந்து மட்கத் தொடங்கிய இலை. பூவரசு, முருங்கை, வாதா மர இலைகள் நல்லவை. பச்சை இலையைவிட, மழையில் நனைந்து பூசணம் பிடித்த பழுப்பு இலையையே விரும்பித் தின்னும். சவுக்குச் சருகு மட்க நாளாகும். அதைச் சிறிதளவே போடலாம். வேப்பிலையைத் தவிர்ப்பது நல்லது. மருந்து தெளித்த செடியின் இலை கூடவே கூடாது.

வாரம் ஒருமுறை வெள்ளரி, பூசணி, கேரட் இவற்றில் ஒரு சிறு துண்டு வைக்கலாம். மறுநாள் மிச்சம் இருந்தால் எடுத்துவிடவேண்டும். இல்லையென்றால் பூசணம் பரவி ஈ மொய்க்கும். கருவாடு உப்பு ஏறியது, அதைப் போடக்கூடாது.

ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து அவசியம். கழுவிக் காயவைத்துப் பொடித்த முட்டை ஓடு ஒரு தேக்கரண்டி போதும். கரையில் ஒதுங்கும் கிளிஞ்சலைப் பலமுறை நல்ல தண்ணீரில் அலசி இடித்தும் போடலாம். சுட்ட சுண்ணாம்பைப் போடக்கூடாது. அது உடலைப் பொசுக்கிவிடும்.

தோலுரிப்பும் குஞ்சும்

வளரும்போது இது தோலை இரண்டு தவணையில் உரிக்கும். முதலில் பின்பாதி, சில நாள் கழித்து முன்பாதி. அந்த இடைவெளியில் ஒரு பாதி வெளுத்தும் மறு பாதி கறுத்தும் இருக்கும். நோய் என்று நினைத்து வெளியே எறிந்துவிடக்கூடாது. உரித்த தோலைத் தானே தின்று, அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும்.

பெண் பூச்சி முட்டையைத் தரையில் இடுவதில்லை. வயிற்றின் அடியிலுள்ள பையில் சுமக்கிறது. பையில் நீர் நிறைந்திருக்கும். கடலை விட்டு வந்த பிறகும் இதன் குஞ்சு நீரில்தான் பொரிகிறது. அந்த நீரைத் தாய் தன்னோடு தூக்கிக்கொண்டு திரிகிறது. சில வாரங்களில் வெண்ணிறக் குஞ்சுகள் பல வெளிவரும். பிறக்கும்போது ஆறு ஜோடிக் கால்களே இருக்கும். ஏழாவது ஜோடி பிறகு முளைக்கும். குஞ்சுகள் மிகச் சிறியவை என்பதால் மண்ணை மாற்றும்போது கவனம் தேவை. நன்கு பராமரித்தால் ஒரு பூச்சி இரண்டு, மூன்று ஆண்டுகள் வாழும்.

பிள்ளைகள் செய்து பார்க்க

முதல் சோதனைக்கு இரண்டு சட்டிகள் வேண்டும். இரண்டிலும் ஒரே மண், ஒரே ஈரம், எண்ணி வைத்த பத்துப் பூவரசு இலைகள். ஒன்றில் மட்டும் 20 பூச்சிகளை விடவேண்டும். வாரம் ஒருமுறை இலைகளை எடுத்துப் பார்த்துக் குறித்து வைக்கவேண்டும். பூச்சி உள்ள சட்டியில் இலையின் சதைப்பகுதி போய் நரம்பு மட்டும் வலை போல நிற்கும். அடியில் மிளகைவிடச் சிறிய கறுப்புப் புழுக்கைகள் சேரும். அந்தப் புழுக்கை பெரும்பாலும் பொடியாக்கப்பட்ட இலைதான். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அதன்மேல் எளிதில் வேலை செய்து மட்க வைக்கின்றன. மற்றச் சட்டியில் இலை வெகுநாள் இலையாகவே கிடக்கும்.

இரண்டாவது சோதனை மண்ணைப் பற்றியது. அகலமான தட்டை நடுவே அட்டையால் பிரித்து, ஒரு பக்கம் வேலியோர மண்ணும், மறு பக்கம் உங்கள் வயல் மண்ணும் நிரப்பி, இரண்டையும் ஒரே அளவு நனைக்கவேண்டும். அட்டையை எடுத்துவிட்டு நடுக்கோட்டில் பத்துப் பூச்சிகளை விட்டு, வலைத் துணியால் மூடி 48 மணி நேரம் இருட்டில் வைக்கவேண்டும். பின்னர் எந்தப் பக்கம் எத்தனை என்று எண்ணவேண்டும். மண்புழுவைக் கொண்டு இதுபோல் 48 மணி நேரம் சோதிக்கும் முறைக்கு உலகத் தர நிர்ணயமே உள்ளது. உருண்டைப் பூச்சியின் இனத்தை வைத்தும் ஆய்வாளர்கள் செய்கிறார்கள். திரும்பத் திரும்பச் செய்தும் பூச்சிகள் வயல் மண்ணை விட்டு விலகினால், உப்போ மருந்தோ வேறு குறையோ இருக்கலாம். எது என்று பூச்சி சொல்லாது. அதற்கு மண் பரிசோதனை நிலையத்துக்கே மாதிரி அனுப்பவேண்டும்.

மண்ணில் சேரும் செம்பு, துத்தநாகம், ஈயம் போன்றவற்றையும் இந்த இனம் உடலில் சேர்த்து வைத்துக்கொள்ளும். இங்கிலாந்தில் ஏவன்மத் என்னும் ஊரின் உலோக உருக்காலையைச் சுற்றியிருந்த மண்ணின் நிலையை 1980களில் ஆய்வாளர்கள் இந்த இனத்தைக் கொண்டே ஆராய்ந்தனர்.

சட்டியில் கண்டது வயலில்

சட்டியில் சருகை எடுத்துவிட்டு, ஒரு நாள் காற்றாட விட்டுப் பாருங்கள். மேல்மண் காய்ந்து பூச்சிகள் ஆழத்துக்குப் போய்விடும். சருகைத் திரும்பப் போட்டு நனைத்தால் மேலே வந்துவிடும். சருகு அவற்றுக்கு உணவு. அதுவே கூரையும் ஆகும்.

வயலிலும் இதே கணக்குத்தான். கோடையில் வெயில் மேல்மண்ணின் ஈரத்தை இழுக்கிறது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல அடியிலுள்ள உப்பு நீர் மண்ணின் நுண்துளைகள் வழியே மேலே ஏறுகிறது. நீர் ஆவியாகிவிட, உப்பு மேல்மண்ணில் தங்குகிறது. உப்பளப் பாத்தியில் நாம் வேண்டிச் செய்யும் காரியம், வயலில் வேண்டாமலே நடக்கிறது. உப்பை அதிகம் தாங்காத மணிலா போன்ற பயிர்கள் இதனால் முளைப்பிலேயே அடிபடுகின்றன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் கடல்நீர் புகுந்த நிலங்களை வைத்திருந்தவர்களுக்கு உப்பின் கொடுமையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நிலத்தின் மேல் சருகுப் போர்வை இருந்தால் ஆவியாவது குறையும்; உப்பு ஏறுவதும் குறையும். சருகு மட்கி மண்ணில் சேரும்போது மணல் நிலம் நீரைப் பிடித்து வைக்கும். மழை பெய்யும்போது உப்பும் கீழே இறங்கும். சருகைக் கொளுத்தினால் சிறிதளவு சாம்பல் மிஞ்சும். போர்வையும் போய், அதில் வாழ்ந்த உயிர்களும் போய்விடும்.

தென்னை வைத்திருப்போர் மரத்தைச் சுற்றி 6 அடி ஆரத்துக்கு வட்டப்பாத்தி எடுத்து, அதில் 100 பச்சை மட்டைகளைக் குவிந்த பக்கம் மேலாக இருக்கும்படி அடுக்கலாம். அல்லது 15 காய்ந்த ஓலைகளைப் பரப்பலாம். நெல் நிலம் உள்ளவர்கள் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதை விதைத்து, 40 முதல் 45 நாளில் பூக்கும் தறுவாயில் மடக்கி உழலாம். உப்பு, களர் நிலத்தைத் தாங்கி வளரும் பசுந்தாள் பயிர் இது. தோட்டக்கால் ஓரத்தில் விழும் பூவரசு, முந்திரிச் சருகை ஒரு மூலையில் குவித்து, சாணக் கரைசல் தெளித்து, மழைக்காலத்தில் மட்க விடலாம். உருண்டைப் பூச்சி தானே வந்து சேரும். விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

ஆனால் ஒன்றை நினைவில் கொள்ளவேண்டும். உப்பு நிலத்தைச் சீர்படுத்தும் வேலையை இந்தப் பூச்சி செய்யாது. வடிகாலும், நல்ல நீரும், மட்கும் சேர்ந்தே அதைச் செய்யவேண்டும். உரம் தயாரிக்கவும் மண்புழுவே மேலானது. உருண்டைப் பூச்சி இலையை அரைத்துக் கொடுக்கும் உதவியாளர் மட்டுமே.

பயிருக்குத் தீங்கு உண்டா?

சில சமயம் உண்டு. அர்ஜென்டினாவில் உழாமல் விதைக்கும் சோயா, சூரியகாந்தி வயல்களில் தாள் மூட்டத்துக்கு அடியில் இது பெருகி, இளநாற்றைத் தின்று சேதம் செய்துள்ளது. நம் தோட்டத்திலும் மழைக்காலத்தில் நாற்றங்காலை ஒட்டிச் சருகு அடர்ந்திருந்தால் வெள்ளரி, தர்பூசணி முளைகளைக் கடிக்கக்கூடும். இதைத் தடுப்பது எளிது. விதைத்த இடத்தைச் சுற்றி ஒரு சாண் அளவுக்குச் சருகு இல்லாமல் வைத்து, நாற்று தடித்த பின் சருகைக் கிட்டே தள்ளலாம். மாலையில் நனைத்த கோணிச் சாக்கை விரித்து வைத்தால், காலையில் அதன் அடியில் கூடியிருப்பவற்றைக் கூட்டி எருக்குழியில் போடலாம். மருந்து தேவையில்லை.

கோழிக்குத் தீனியாக இதை அள்ளிப் போடவேண்டாம். கோழியின் முன்வயிற்றைத் தாக்கும் ஒரு வகைப் புழுவின் இளம் பருவம் இதன் உடலில் வளர்ந்து, தின்னும் கோழிக்குப் போய்ச் சேரும்.

விற்று லாபம் பார்க்கலாமா?

வெளிநாடுகளில் அரிய நிற வகைகளுக்கு நல்ல விலை உண்டு. தாய்லாந்திலிருந்து வந்த, வாத்து முகம் போன்ற முகம் உடைய 'ரப்பர் டக்கி' என்னும் வகையை ஆர்வலர்கள் அதிக விலைக்கு வாங்குகிறார்கள். இதைக் காட்டி, ஜோடி இவ்வளவு, குஞ்சைத் திரும்ப வாங்கிக்கொள்வோம் என்று யாராவது வந்தால் நம்பவேண்டாம். 2012-ல் ஈமு வளர்ப்பில் முன்பணம் கட்டி இழந்த குடும்பங்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ. வாங்குவார் யார் என்று தெரியாத பொருளை வளர்ப்பது தொழில் ஆகாது. அயல்நாட்டு வகைகளைக் கொண்டுவந்து தோட்டத்தில் விடுவதும் தவறு. இங்குள்ள வகைகளுக்கு அவை போட்டியாகவோ, நோய் கொண்டு வருபவையாகவோ அமையலாம்.

ஒரு மண் சட்டி, இரண்டு கைப்பிடி சருகு, ஒரு முட்டை ஓடு. இதற்கு மேல் செலவில்லை. வரும் மழைக்காலத்தில் பிள்ளைகளைக் கொண்டு இரண்டு சட்டிச் சோதனையைத் தொடங்கி, தை மாதம் வரை குறிப்பெழுதச் சொல்லுங்கள். வளர்க்க விருப்பம் தீர்ந்தால், எடுத்த இடத்திலேயே ஈர நிழலில் விட்டுவிடலாம். உங்கள் நிலத்தின் உப்பு அளவையும், அதற்கேற்ற பசுந்தாள், வடிகால் முறைகளையும் அருகிலுள்ள வேளாண்மை விரிவாக்க மையத்திலோ, திண்டிவனம் வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அதற்குள் இந்த ஆண்டுச் சருகைக் கொளுத்தாமல் சேர்த்து வையுங்கள்.